கண்மாய்ப் பறவை மிரளும் விதம் பார்த்து எதிரி எதுவென்று சொல்ல முடியுமா? பழி முழுக்கப் பூனைப்பருந்து மேல் விழுகிறது

நிலையூரான் | ஜனவரி 12, காலை 8.10

எல்லாருக்கும் வணக்கம். மதுரைக்குத் தெற்கே அவனியாபுரம், சாமநத்தம், நிலையூர் பக்கத்துக் கண்மாய்களில் நாமக்கோழியும், நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் என்கிற வாத்து வகைகளும் இப்போது நிறைந்திருக்கிற நேரம். கரையோரம் இறகுக் குவியல்களும் தென்படுகின்றன. எங்கள் குழுவின் ஜனவரிப் பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இறகைப் பார்த்ததும் "சேற்றுப் பூனைப்பருந்து அடித்தது" என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், "அதுதானே மேலே சுற்றிக்கொண்டிருந்தது" என்பதுதான் பதில்.

அந்தக் காலத்தில் வாத்து வேட்டைக்குப் போனவர்கள் வானத்தை நிமிர்ந்து பார்க்காமலே, தண்ணீரில் கிடக்கும் கூட்டத்தைப் பார்த்து மேலே வருவது என்ன, கரையில் வருவது என்ன என்று சொல்லிவிடுவார்களாம். அந்த அறிவைக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்த முடியுமா? மூன்று விஷயம் வேண்டும்: கூட்டம் மிரளும் விதம், கிடக்கிற இறகும் உடலும் சொல்வது, கூட்டில் முட்டை போனால் யார் எடுத்தது என்று தெரிந்துகொள்ளும் வழி.

கலுங்குமேடு | ஜனவரி 12, காலை 9.35

தம்பி, சொல்ல முடியும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1991 திருத்தத்தோடு பறவை வேட்டை முழுசாக நின்றது. அது நின்றதே சரி. ஆனால் துப்பாக்கியோடு சேர்த்து அந்தக் கண்ணையும் நாம் தொலைத்துவிட்டோம். அந்தக் கண் கணக்கெடுக்கிறவனுக்குத்தான் இப்போது தேவை.

அடிப்படை ஒன்றுதான். எதிரி எந்த இடத்தில் அடிக்குமோ அந்த இடத்தை விட்டுப் பறவை விலகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பைரி என்கிற வேட்டைப்பறவை, பறக்கிற பறவையைத்தான் அடிக்கும். தண்ணீரில் உட்கார்ந்திருப்பதை எடுப்பது அதற்குச் சிரமம். அதனால் பைரி வந்தால் நீலச்சிறகி எழாது. உடம்பைத் தாழ்த்தித் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும். பாதி எழுந்த பறவைகூடப் பொத்தென்று விழுந்து முங்கும். அதே நேரத்தில் சேற்றில் மேயும் சிறு உள்ளான்கள் நேர்மாறாகச் செய்யும். ஒரே பந்தாக எழுந்து, பந்து சுருங்கி விரிந்து திரும்பித் திரும்பிப் பறக்கும். உள்ளான் பந்தாகப் பறக்கிறது, வாத்து அசையாமல் கிடக்கிறது என்றால் மேலே பைரியைத் தேடுங்கள். அரிட்டாபட்டிப் பாறைகளில் இருக்கும் உள்ளூர்ப் பைரியும் உண்டு, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருகிற பைரியும் உண்டு.

இராசாளிக் கழுகும் பெரும்புள்ளிக் கழுகும் தண்ணீரில் கிடப்பதையே வாரும். அதற்கு வாத்து மொத்தமாக எழும், உயரம் பிடிக்கும், பத்து நிமிடத்துக்கு மேல் சுற்றிவிட்டுத்தான் இறங்கும். சில சமயம் அந்தக் கண்மாயையே விட்டுவிட்டு அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். நாமக்கோழிக்கு அவ்வளவு சுலபமாக எழ முடியாது. தண்ணீர் மேல் நெடுந்தூரம் ஓடித்தான் எழும்பும். அதனால் அது நடுத்தண்ணீரில் நெருக்கியடித்துக் கூடும். கழுகு தாழ வந்தால் எல்லாமாகச் சேர்ந்து தண்ணீரை வாரி இறைக்கும். தனியாகப் பிரிந்த ஒன்றுதான் போகும்.

சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கும் சம்புக்கும் மேலே ஒரு ஆள், இரண்டு ஆள் உயரத்தில், சிறகை லேசாக மேலே தூக்கிப் பிடித்து, காற்றை எதிர்த்து மெதுவாக வரும். வாத்துக் கூட்டம் அதற்கு மொத்தமாக எழாது. அது போகிற வழிக்கு நேர்கீழே மட்டும் ஒரு வட்டம் திறக்கும். இருபது முப்பது மீட்டர் தள்ளி உட்காரும். பருந்து கடந்ததும் மூடிக்கொள்ளும். ஒரு கண்மாயில் இதை ஒரு காலைப் பொழுதில் பல தடவை பார்க்கலாம்.

விராலடிப்பானும் செம்பருந்தும் மேலே போனால் வாத்து தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடரும். விராலடிப்பான் மீனைத் தவிர வேறு எதையும் தொடுவது அரிது என்பது அவற்றுக்குத் தெரியும். அக்டோபரில் புதிதாக வந்திறங்கும் கூட்டம் மட்டும் முதல் சில நாள் எல்லாவற்றுக்கும் மிரளும். அந்த நாட்களின் குறிப்பை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

தரையில் நாய், நரி, காட்டுப்பூனை வந்தால் வாத்து பறப்பதற்கு முன் நீந்தும். கழுத்தை நெட்டுக்குத்தலாக நீட்டி, எல்லாத் தலையும் ஒரே திசையைப் பார்க்கும், உடம்பு எதிர்த்திசையில் நகரும். அந்தத் தலைகள் காட்டுகிற திசையில் கரையைப் பாருங்கள். ஆள்காட்டிக் குருவி இருந்தால் வேலை இன்னும் சுலபம். தரை எதிரிக்கு மேலே போய்ப் போய்ச் செங்குத்தாகப் பாயும். பருந்துக்குக் கத்திவிட்டு ஒதுங்கும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாத்து காற்றைப் பார்த்துத்தான் உட்காரும், காற்றை எதிர்த்துத்தான் எழும். நரி காற்றுக்குக் கீழ்ப்பக்கமிருந்து, பறவையின் முதுகுப் பக்கமாக வரும். வடகிழக்கு வாடை வீசுகிற இந்த மாதத்தில் தடம் தேடுகிறவர்கள் தென்மேற்கு ஓரத்தில் தொடங்கினால் நேரம் மிச்சம்.

வடகரை | ஜனவரி 12, காலை 11.02

அண்ணே, நீங்க சொல்றதை ஒத்துக்கிறேன். ஆனா பூனைப்பருந்து நாமக்கோழி மேல உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கிற போட்டோ எத்தனை பேர்கிட்ட இருக்கு? அதை எங்க கொண்டு போய் வைக்கிறது? திரும்பத் திரும்ப ஒரே நாமக்கோழி மேல பாஞ்சு, அது முங்கி முங்கிக் களைச்சுப் போற வரைக்கும் விடாம அடிக்கிறதும் உண்டுதானே?

கலுங்குமேடு | ஜனவரி 12, பகல் 12.20

உண்டு. மறுக்கவில்லை. ஆனால் எடையைப் பாருங்கள். பூனைப்பருந்தில் பெட்டைதான் பெரிது, அதுவே முக்கால் கிலோ சுமார். ஆண் அரைக் கிலோவை ஒட்டி. நல்ல நாமக்கோழி பெட்டைப் பருந்தின் எடைக்குச் சமமாக வரும், சில சமயம் கூடவும் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தண்ணீரில் அமுக்கி, சேற்றுக்கோ சாய்ந்த சம்பு மேலோ இழுத்து, அங்கேயே தின்ன வேண்டும். அதற்குள் கள்ளப்பருந்தும் காக்கையும் வந்துவிடும். அதனால் அது முதலில் தேடுவது நொண்டியை, நோயில் கிடப்பதை, செத்து மிதப்பதை, எலியை, தவளையை, குஞ்சை. மேலே சுற்றுவதில் பெரும்பகுதி அந்தத் தேடல்தான்.

போட்டோவில் இருப்பது தின்கிற காட்சி. கொன்றது யார் என்பது அதில் தெரியாது. உடலைப் பார்த்தால் தெரியும். மார்பெலும்பின் இரண்டு பக்கமும் சதை திரண்டு இருந்தால் பறவை நலமாக இருந்தது. எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு, சதை குழிந்திருந்தால் அது ஏற்கெனவே பட்டினியிலோ நோயிலோ இருந்த பறவை. பூனைப்பருந்து தின்னும் உடல்களில் இந்த இரண்டாவது வகை எத்தனை என்று தனியாகக் குறியுங்கள். குழு எழுதுகிற கணக்கு மாறும்.

தாழைக்கோழி | ஜனவரி 12, மாலை 4.45

இறகு விஷயத்தை நான் எழுதுகிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை. இறகோ உடலோ முட்டை ஓடோ எதையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். கிடக்கிற இடத்திலேயே படம் எடுங்கள். அளவுக்கு ஒரு 10 ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். வெறுங்கையால் தொட வேண்டாம், ஒரு குச்சியால் புரட்டினால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது இறகுக் காம்பின் அடி நுனி. பருந்து, பைரி, கழுகு எல்லாம் இறகைப் பிடுங்கும். காம்பு முழுசாக, அடி நுனி கூராக இருக்கும். நடுவில் அலகு அழுத்திய மடிப்பு ஒன்று தெரியலாம். நாய், நரி, பூனை, கீரி கடித்து அறுக்கும். காம்பு பாதியில் துண்டாகியிருக்கும், நுனி நசுங்கியிருக்கும், நாலைந்து இறகு எச்சிலில் ஒட்டிக் கொத்தாகக் கிடக்கும். காலைப் பனியில் நனைந்த இறகும் ஒட்டும் என்பதால் ஒட்டியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். காம்பு அறுந்திருக்கிறதா என்பதே சாட்சி.

பைரி தின்ற உடலை அடையாளம் காண்பது சுலபம். இரண்டு சிறகும் தோளெலும்போடு சேர்ந்து அப்படியே கிடக்கும், மார்புச் சதை மட்டும் சுத்தமாகக் காலியாகியிருக்கும், மார்பெலும்பின் ஓரத்தில் முக்கோணமாகக் கொத்தியெடுத்த அடையாளம் இருக்கும். கழுத்தெலும்பு முறிந்திருக்கும். மேல் அலகின் ஓரத்தில் இருக்கும் பல் போன்ற முனையால் கழுத்தை முறித்துத்தான் அது கொல்லும். இறகுகள் மேட்டில், கரைமேல், பாறைமேல் வட்டமாகப் பரவிக் கிடக்கும்.

நாய் கொன்றதில் பாதிக்கு மேல் தின்னாமலே போட்டுவிடும். உடல் முழுசு, முதுகிலும் இடுப்பிலும் பல் பதிந்த ஓட்டைகள், இறகெல்லாம் எச்சில். நரி விட்டுவைக்காது. பிடித்த இடத்தில் ஒரு பிடி இறகு, அங்கிருந்து உள்வாய்ப் பக்கம் (கரைக்கு எதிரே ஆழம் குறைந்த பக்கம்) இழுத்துப்போன கோடு, அவ்வளவுதான். காட்டுப்பூனை கழுத்தில் கடித்துக் கோரைக்குள் கொண்டுபோய்த் தின்னும், மீதியைப் புல்லால் மூடி வைப்பதும் உண்டு.

இரண்டு அடையாளமும் கலந்திருந்தால் குழம்ப வேண்டாம். நாய் கொன்று போட்டதைக் கள்ளப்பருந்து வந்து பிடுங்கித் தின்றிருக்கும். எது முதல் என்பதற்குத் தோலுக்கடியில் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது பட்ட கடியைச் சுற்றி ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். செத்த பின் பட்ட கடியில் கறுப்பு இருக்காது.

தடம்: பூனை இனத்துக்கு நாலு விரல், நகம் பதியாது, வட்ட வடிவம். நாய்க்கும் நரிக்கும் நாலு விரல், நகம் பதியும். நரித் தடம் நாயைவிட ஒடுங்கி நீண்டிருக்கும், ஈரச் சேற்றில் பார்த்தால் நடு விரல் இரண்டின் திண்டும் பின்னால் ஒட்டியிருப்பது தெரியும். நரி நூல் பிடித்த மாதிரி நேராக நடக்கும், நாய் அங்கங்கே நின்று வளைந்து போகும். கீரிக்கு ஐந்து விரல், நீள நகம். உடும்புக்கு நடுவில் வால் இழுத்த கோடு, இரண்டு பக்கமும் மாறி மாறி நகக்கீறல். காலை 7 மணிக்கு முன் பாருங்கள். அப்புறம் ஆடு மாடு இறங்கி எல்லாவற்றையும் மிதித்துவிடும்.

உள்வாய் | ஜனவரி 12, மாலை 5.30

அக்கா, அருமையான பதிவு. அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக்கிடங்கு பக்கத்துலயே இருக்கிறதால அங்க நாய்க் கூட்டமும் கள்ளப்பருந்துக் கூட்டமும் வருசம் முழுக்க இருக்கு. கழிவுத்தண்ணி சேர்ந்து கண்மாயும் எளிதில் வத்தறதில்ல. தீனியும் தண்ணியும் ஒரே இடத்துல கிடைக்கிற எதிரிக்கு, மத்தக் கண்மாய் எதிரியோட கணக்கைப் பொருத்தக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

தாழைக்கோழி | ஜனவரி 12, மாலை 5.52

சரியாகச் சொன்னீர்கள். குப்பையில் வயிறு நிரம்பும் நாய் பசிக்காக வேட்டையாடுவதில்லை, ஓட்டம் காட்டும் எதையும் துரத்துகிறது. அதனால்தான் தின்னாத உடல்கள் அங்கே அதிகம். நரி, காட்டுப்பூனை இரண்டும் நாய்க் கூட்டம் உள்ள கரையில் தங்காது. பூனைப்பருந்தைக் குறை சொல்கிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு காலை நேரம் தடம் மட்டும் எண்ணட்டும்.

மடையடி | ஜனவரி 12, இரவு 9.15

முட்டைக்கு வர்றேன். நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழையில கண்மாய் நிறைஞ்ச பெறகுதான் புள்ளிமூக்கு வாத்து, முக்குளிப்பான், தாழைக்கோழி எல்லாம் கூடு வைக்கும். தண்ணி இறங்கி சேறு தெரிய ஆரம்பிச்சதும் நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் வைக்கும். ரெண்டுக்கும் எதிரி வேற வேற.

கூடு காலி, ஓடு ஒண்ணுமே இல்ல, புல்லு கலையல: பாம்பு. பெரும்பாலும் சாரை. முட்டையை முழுசா விழுங்கிட்டுப் போயிரும். கூடு காலி, ஆனா புல்லு அமுங்கி ஓரம் பிஞ்சிருக்கு: உடும்பா இருக்கும், அதுவும் முழுசா விழுங்கும், வால் கோடு தேடுங்க. ஓடு கூட்டுக்குப் பக்கத்துல நொறுங்கி, ஒரு முனையைக் கடிச்சு ஒடைச்ச மாதிரி இருந்தா கீரி. காக்கா ஒரு ஓட்டை போட்டு அலகை உள்ள விட்டுத் தூக்கிட்டுப் போகும், ஓடு கூட்டுல கிடக்காது, பக்கத்துக் கருவேல மரத்தடியில கிடக்கும். மரத்தடிய பாக்காம "பாம்பு"ன்னு எழுதுறது பொதுவா நடக்கிற தப்பு. செம்போத்தும் வால்காக்காவும் அப்படித்தான் எடுக்கும். நீலத் தாழைக்கோழிய மறந்துறாதீங்க. சம்புத் தண்டு தின்னுற பறவைன்னு நினைச்சிருப்போம், வாத்து முட்டையும் பொடிக்குஞ்சும் தின்னும்.

குஞ்சு பொரிச்ச கூட்டை எதிரி எடுத்ததா எழுதிறாதீங்க. பொரிச்ச வாத்து முட்டை ஓடு அகலமான பக்கம் மூடி மாதிரி சுத்தமா கழண்டிருக்கும், உள்தோல் காஞ்சு ஓட்டை விட்டுத் தனியா உரிஞ்சு வரும். கடிச்சு ஒடைச்சதுல உள்தோல் ஓட்டோட ஒட்டி ஈரமா, ரத்தமோ மஞ்சக்கருவோ பூசியிருக்கும். உள்ளான், ஆள்காட்டி பெரிய ஓட்டைத் தாயே தூக்கிட்டுப் போய்ப் போட்டுரும். அதுக்குக் கூட்டோட அடியில ரெண்டு மூணு மில்லிமீட்டர் பொடி ஓடு இருக்கான்னு பாக்கணும். இருந்தா பொரிச்சுருச்சு.

நாள் கணக்கும் உதவும். புள்ளிமூக்கு வாத்தும் சீழ்க்கைச் சிறகியும் மூணரை வாரம் போல அடை கிடக்கும். ஆள்காட்டி நாலு வாரம். கூட்டை முதல் தடவை பார்த்த தேதி உங்ககிட்ட இருந்தா, காலியானது பொரிக்கிற நாளுக்கு முன்னயா பின்னயான்னு ஒரு கணக்குப் போட்டுக்கலாம்.

ஆள்காட்டி | ஜனவரி 13, காலை 6.40

இங்கே எழுதுகிற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். முட்டை பார்க்கப் போகிறவர்களே காக்கைக்கு வழி காட்டுகிறார்கள். காக்கை ஆளைக் கவனிக்கும். நீங்கள் குனிந்த இடத்தை நினைவில் வைத்து, நீங்கள் நகர்ந்ததும் இறங்கும். முக்குளிப்பான் கூட்டை விட்டு இறங்கும்போது நீர்ப்பாசியை இழுத்து முட்டையை மூடிவிட்டுத்தான் போகும். திடீரென்று பக்கத்தில் போனால் மூட நேரம் இருக்காது. மூடாமல் வெள்ளையாகத் தெரியும் முட்டை என்றால் பெரும்பாலும் உங்கள் தப்பு. கரையிலிருந்து தொலைநோக்கியில் பாருங்கள், கூட்டுக்கு நேராக நடக்காமல் கடந்து போகிற மாதிரி போங்கள், காக்கை பக்கத்து மரத்தில் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். உச்சி வெயிலில் தாயைக் கிளப்பவே கூடாது. ஆள்காட்டி தன் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரவைப்பதே அந்த வெயிலுக்காகத்தான்.

டிரோனும் வேண்டாம். கூட்டத்துக்கு அது அடையாளம் தெரியாத கழுகு. மொத்தக் கண்மாயும் எழும், அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாக் கூடும் திறந்து கிடக்கும். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது இந்த விதத்தில்தான் பெரிய உதவி. சத்தம் நேரடியாகப் பறவையைக் கொல்வதில்லை, தாயைக் கிளப்பிவிட்டுக் காக்கைக்குக் கூட்டைக் கொடுக்கிறது.

வடகரை | ஜனவரி 13, காலை 8.05

தண்ணிக்கடியில இருக்கிற எதிரிய யாரும் எழுதலையே? வாத்துக் குஞ்சு வரிசையா போகுது, ஒண்ணு மட்டும் சத்தமில்லாம காணாமப் போகுது. ஆப்பிரிக்கன் கெளுத்தியா?

மடையடி | ஜனவரி 13, காலை 8.50

இருக்கலாம். அது மத்திய அரசு தடை பண்ணின மீன், இருந்தாலும் வெள்ளத்துலயும், மீன் குத்தகைக்காரர் விடுற குஞ்சுமீனோட கலந்தும் கண்மாய்க்கு வந்துருது. பெரிய வாளையும் விராலும்கூட பொடிக்குஞ்சை இழுக்கும். அடையாளம்: தாய் மேல பாக்காது, கரையும் பாக்காது, குஞ்சுகளை ஆழமில்லாத பாசிக்குள்ள தள்ளிட்டுப் போகும். குஞ்சு எண்ணிக்கை பகல்லயே ஒண்ணொண்ணா குறையும். தண்ணி வத்துற காலத்துல மீன் பிடிக்கும்போது குத்தகைக்காரர்கிட்ட கெளுத்தி எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டு எழுதி வைங்க. கெளுத்தியைத் திருப்பித் தண்ணியில விடாதீங்கன்னும் சொல்லுங்க. அது சேத்துக்குள்ள புதைஞ்சு கெடந்து அடுத்த மழைக்கு எந்திரிக்கும்.

இன்னொண்ணு, வலை. நைலான் செவுள்வலையில முக்குளிப்பானும் நீர்க்காகமும் சிக்கி முங்கிச் செத்துரும். வலைக்காரர் கழட்டிக் கரையில போட்டதை நாய் இழுக்கும். அதையும் "நாய் கொன்னது"ன்னு எழுதுவோம். கழுத்துலயும் தோள்லயும் நூல் அறுத்த கோடு, இறகு உள்ள வரைக்கும் நனைஞ்சிருந்தா வலை.

உள்வாய் | ஜனவரி 13, காலை 10.30

சரி, எதிரி தெரிஞ்சாச்சு. குறைக்கிறது எப்படி? குடிமராமத்துல கண்மாய் நடுவுல மண்திட்டு போட்டு நாட்டுக்கருவேலம் வச்சா பாதுகாப்புன்னு சொல்றாங்க. ஆனா பல திட்டு அடுத்த தையிலயே நாய்க் கூட்டத்துக்கு மேடையாயிருது.

மடையடி | ஜனவரி 13, பகல் 1.10

திட்டுல தப்பு இல்ல தம்பி, திட்டைச் சுத்தின பள்ளத்துலதான் தப்பு. தோண்டின மண்ணைக் குவிக்கணும்ங்கிறதுதான் நோக்கமா இருக்கு, கூட்டைக் காக்கணும்னு யாரும் நினைக்கிறதில்ல.

கண்மாய்த் தண்ணி எதுவரைக்கும் இறங்கும்? மடையோட அடிக்கல் மட்டம் வரைக்கும். அதுக்குக் கீழ இருக்கிற தண்ணியை மடை இழுக்காது, எஞ்சின் வச்சாத்தான் இறங்கும். அப்ப திட்டைச் சுத்தி ஒரு அகழி, மடை அடிக்கல்லை விட மூணு நாலு அடி கீழ, பதினஞ்சு மீட்டருக்குக் கொறையாத அகலத்துல இருந்தா, பாசனம் முடிஞ்ச பெறகும் அகழியில தண்ணி நிக்கும். நாய்க்கு நீந்தத் தெரியும். ஆனா கால் தரையில பாவுற வரைக்கும்தான் தைரியமா வரும், நீந்த வேண்டியதாயிட்டா பெரும்பாலும் திரும்பிரும். ஒரு இடத்துல மட்டும் வரப்பு மாதிரி மண் விட்டு வச்சாங்கன்னா மொத்தமும் வீண். டிராக்டர் போய்வர விட்ட அந்தப் பாதையைக் கடைசி நாள்ல எடுக்காம போயிர்றதுதான் எல்லா இடத்துலயும் நடக்குது. வேலை முடியறப்ப நின்னு பாத்து எடுக்கச் சொல்லுங்க.

சரிவு முக்கியம். செங்குத்தாக் குவிச்ச திட்டு ஒரு மழையில அரிச்சு அகழியவே மூடிரும், குஞ்சும் ஏற முடியாது. ஒரு அடி உயரத்துக்கு நாலு அடி படுக்கையா இருக்கணும். கரைக்குப் பக்கத்துல போடாதீங்க. உள்வாய்ப் பக்கமும் வேண்டாம், அங்க முதல்ல தண்ணி வத்திரும்.

தாழைக்கோழி | ஜனவரி 13, பகல் 2.25

மரம் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எல்லாத் திட்டிலும் கருவேலம் நடுவது தப்பு. வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கொக்கு எல்லாம் மரத்தில் கூடு வைக்கும், அவற்றுக்கு நாட்டுக்கருவேலம் வேண்டும். உள்ளானுக்கும் ஆள்காட்டிக்கும் மரமே எதிரி, ஏனென்றால் காக்கையும் பருந்தும் உட்கார்ந்து பார்க்கிற இடம் அது. ஒரு கண்மாயில் இரண்டு திட்டு இருந்தால் ஒன்று மரத்தோடு, ஒன்று மொட்டையாக, குறைந்த புல்லோடு இருக்கட்டும்.

சம்புவை மொத்தமாக அழிப்பதும் தவறு. சேற்றுப் பூனைப்பருந்து இரவில் தங்குகிற இடம் என்று சொல்லி வெட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே சம்புதான் தாழைக்கோழிக்குக் கூடு, குஞ்சுக்கு மறைவு. ஆகாயத்தாமரை வேறு விஷயம், அது திறந்த தண்ணீரை மூடிவிடும், நாமக்கோழி கூடி நிற்க நடுத்தண்ணீரே இருக்காது. அதை எடுங்கள்.

வடகரை | ஜனவரி 13, மாலை 3.40

மொட்டைத் திட்டு பத்தி அக்கா சொன்னது சரிதான். ஆனா அகழித் தண்ணியையும் எஞ்சின் வச்சு இறைச்சு மீன் புடிச்சிருவாங்களே?

மடையடி | ஜனவரி 13, மாலை 4.30

அதை ஊர்க் கூட்டத்துல குத்தகை விடறப்பவே பேசணும். பாசனத் தண்ணியைக் கேக்கல, விவசாயிக்கு அது முதல் உரிமை. மடைக்குக் கீழ நிக்கிற அகழியை மட்டும் கேக்கறோம். அடுத்த மழைக்குக் குஞ்சுமீன் அங்கதான் மிச்சமிருக்கும், மாட்டுக்கும் கோடையில தண்ணி கிடைக்கும். குத்தகைக்காரருக்கே லாபம்னு சொன்னா கேப்பாங்க.

ஆள்காட்டி | ஜனவரி 13, இரவு 8.20

பதிவேட்டில் சேர்க்க வேண்டிய ஒன்று விடுபட்டுவிட்டது. எதிரியால் இறக்காத பறவைகள். தண்ணீர் குறைந்து சூடேறி அழுகும் மாசி, பங்குனியில் கழுத்து தொங்கி, சிறகு விரிந்து, கரையில் எழ முடியாமல் கிடக்கும் வாத்துகள் தென்பட்டால் அது நரம்பை முடக்கும் நச்சுநோயாக இருக்கலாம். செத்த உடலில் வளரும் புழுவைத் தின்று அடுத்த பறவை சாகும், அதனால் ஒன்று பத்தாகும். பக்கத்து வயலில் நெல்லில் பூச்சிமருந்து கலந்து வைத்திருந்தால் வேறு மாதிரி: பறவைகள் நல்ல எடையில், இறகு கலையாமல், தீனிப்பை நிறைய நெல்லோடு, ஒரே இடத்தில் பல கிடக்கும். அதைத் தின்ற கள்ளப்பருந்தும் பக்கத்தில் செத்துக் கிடக்கும். இரண்டிலும் தொடாதீர்கள். படமும் இடமும் எடுத்து அன்றைக்கே வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். கரையோரம் மூங்கில் குச்சியில் வரிசையாக நைலான் சுருக்குக் கண்ணி தென்பட்டாலும் அப்படியே. நீங்களே பிடுங்கிவிட்டால் சாட்சி போய்விடும்.

நிலையூரான் | ஜனவரி 14, காலை 7.00

எல்லோருக்கும் நன்றி. குழுவின் படிவத்தில் "எதிரி" என்று இருந்த ஒரே கட்டத்தை நான்காகப் பிரிக்கிறோம்: கூட்டம் செய்தது என்ன, காம்பு பிடுங்கியதா கடித்ததா, மார்பெலும்புச் சதை, தடம். பொங்கல் கழிந்து 17-ம் தேதி தொடங்குகிறோம். கடைசியாக ஒரு சந்தேகம், எந்த வாரத்திலிருந்து தடம் பார்ப்பதை அதிகப்படுத்த வேண்டும்?

மடையடி | ஜனவரி 14, காலை 7.45

தேதி பாக்காதீங்க, தண்ணியைப் பாருங்க. திட்டுக்கும் கரைக்கும் நடுவுல ஆழம் கொறைஞ்ச இடத்தைக் கண்டுபிடிச்சு, அங்க ஒரு கம்பு நட்டு அரை அடிக்கு ஒரு கோடு போடுங்க. ரெண்டு அடிக்குக் கீழ தண்ணி இறங்கின அன்னைக்கே தினமும் காலையில ஆறு மணிக்குக் கரையில நில்லுங்க. கம்பைத் திட்டுப் பக்கம் நடாதீங்க, காக்கா வந்து உக்காரும். நுனியைக் கூரா சீவி விட்டுருங்க.

கலுங்குமேடு | ஜனவரி 14, காலை 8.15

தென்மேற்கு மூலையிலிருந்து தொடங்குங்கள் தம்பி. மாசி பாதியில் காற்று திரும்பும், அப்போது நீங்களும் பக்கம் மாற வேண்டும்.